முப்பது வீட்டுக்கு ஒரு நம்பர்

மூன்றாவது முறையாக என் நெஞ்சில் ஈ.சி.ஜி. (இதயத் துடிப்பைக் கோடுகளாக வரைந்து காட்டும் சோதனை) ஒயர்களைப் பொருத்தும்போது நர்ஸ் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "பின்னெயும் வந்நோ?" என்றார். மறுபடியும் வந்துவிட்டாயா என்று. பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர்கூடச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாகப் போகிறேன் என்று மூன்றாவது முறையாக நம்பிக்கொண்டிருந்தேன்.

திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு அது. பகல் பதினோரு மணி. இடது கை மரத்திருந்தது. உதடும் மரத்திருந்தது. மூச்சு தொண்டைக்குக் கீழே இறங்க மறுத்தது. ஆபீசிலிருந்து ஆட்டோவில் வந்திருந்தேன். ஆட்டோக்காரர் வழியெல்லாம் "மோனே, உறங்கல்லே, கேட்டோ" (மகனே, தூங்கிவிடாதே, கேட்டாயா) என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

டூட்டி டாக்டருக்கு என்னைவிட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம். கோடு போட்ட காகிதத்தை என் முகத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார்.

"ஹார்ட் நல்லா ஓடுது. ஒரு குறையும் இல்ல."

"அப்ப நான் பொய் சொல்றேனா, டாக்டர்?"

"யாரு சொன்னா? வலி உண்மை. கை மரத்ததும் உண்மை. ஹார்ட்ல இல்லன்னு மட்டும்தான் சொல்றேன்."

பானிக் அட்டாக் (ஆபத்தே இல்லாத நேரத்தில், புலியைக் கண்டால் செய்வதையெல்லாம் உடம்பு ஒரே மூச்சில் செய்துவிடுவது) என்று எழுதி, மனநலப் பிரிவுக்கு ஒரு சீட்டும் தந்தார்.

அந்தச் சீட்டை ஒன்பது நாள் பர்சுக்குள்ளேயே வைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் யாராவது கொஞ்சம் விபரீதமாகப் பேசினால் "ஊளம்பாறைக்கு பஸ் ஏத்தி விடவா?" என்று கேட்பார்கள். அங்கே மனநல மருத்துவமனை இருக்கிறது. நானும் அப்படிக் கேட்டுச் சிரித்தவன்தான். இதைப் படிக்கிற உங்களில் யாராவது இப்போது பர்சில் அப்படி ஒரு சீட்டை வைத்திருக்கலாம். அந்த ஒன்பது நாளில் எனக்கு இன்னும் இரண்டு முறை வந்தது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

நான் திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே மலைமேல் இருக்கிற போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. தோட்டம் ஓடியும் ஓடாமலும் கிடக்கிறது. லயத்தில் (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இப்போது முப்பது குடும்பங்கள். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, அந்த வரிசையிலேயே டிகிரி வரை போனவன் நான்தான். நகரத்தில் பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றும் நிறுவனத்தில் வேலை.

லயத்தில் போன் சிக்னல் கிடையாது. ரேஷன், கேஸ், ஆதார், பள்ளிச் சேர்க்கை எதுவானாலும் இப்போது ஒரு போன் நம்பர் கேட்கிறார்கள், அதற்கு ஓ.டி.பி. (ஒரு தடவை மட்டும் செல்லும் ரகசிய எண்) வருகிறது. சிக்னல் இல்லாத வீட்டுக்கு அது எப்படி வரும்? "செல்வினு டவுன்லதான இருக்கான், அவன் நம்பரக் குடு" என்று முதலில் ஒரு வீடு கொடுத்தது. பிறகு எல்லா வீடும் கொடுத்தது. நான்தான் கொடுக்கச் சொன்னேன் என்பதையும் மறைக்க வேண்டாம். எனக்கு அது பெருமையாக இருந்தது. சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கும்போது நாலைந்து பேர் பாலிதீன் கவரில் காகிதங்களோடு நிற்பார்கள். "தாசில்தார் வந்துட்டாரு" என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலிக்காகவே நான் வாராவாரம் போனேன்.

அடுத்த வீட்டுத் தங்கம் அக்காவின் மகள் அபிஷா பத்தாம் வகுப்பு முடித்தாள். பிளஸ் ஒன் விண்ணப்பத்தை நான்தான் போட்டேன். நம்பர் என் நம்பர்.

அவளுக்கு இடம் கிடைத்த செய்தி ஒரு புதன்கிழமை காலை வந்தது. அன்றைக்கு வந்த முப்பது நாற்பது செய்திகளில் அதுவும் ஒன்று. 'சாயங்காலம் பார்க்கலாம்' என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். சனிக்கிழமை காலையில்தான் பார்த்தேன். சேர வேண்டிய கடைசி நேரம் முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்கு முடிந்திருந்தது. அந்த இடத்தில் சேராவிட்டால் அடுத்த சுற்றுகளிலும் பெயர் வராது.

பஸ் ஏறி நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"லிஸ்ட்ல பேரு வரல, அக்கா."

அக்கா மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) வேகவைத்திருந்தார்கள். தட்டில் போட்டுத் தந்தார்கள். தின்றேன்.

ஓணம் கழிந்து முதல் அட்டாக் வந்தது. ஆபீசில் மேசைமேல் இருந்த போன் 'டிங்' என்றது. அவ்வளவுதான். பார்த்தால் ஒரு கேஸ் சிலிண்டர் புக்கிங்.

பத்தாம் நாள் சீட்டோடு போனேன். மனநல டாக்டர் ஒரு சின்ன மாத்திரை எழுதினார். ஆறேழு மாதம் சாப்பிட வேண்டியிருக்கும், நீயாக நிறுத்தாதே என்றார். நான் நிறுத்தவில்லை. கூடவே வாரம் ஒரு முறை சி.பி.டி. (நம் எண்ணங்களையும் நடத்தையையும் பிடித்துச் சோதித்துப் பார்க்கிற பேச்சுச் சிகிச்சை) என்று ஓர் உளவியலாளரிடம் அனுப்பினார். அவரை நான் மேடம் என்றுதான் கூப்பிட்டேன். எந்நேரமும் ஜலதோஷம் பிடித்தவர். மேசையில் ஆவி பிடிக்கிற குப்பியும் துண்டும் இருக்கும். எங்கள் பேச்சு மலையாளத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

முதல் நாளே ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டார். நடந்தது என்ன. அதைப் பற்றி நீ உனக்குச் சொல்லிக்கொண்டது என்ன. அதன்பிறகு உடம்புக்கும் மனசுக்கும் வந்தது என்ன. நான் முதல் கட்டத்தையும் மூன்றாவது கட்டத்தையும் நிரப்பினேன். 'செய்தியைத் தவறவிட்டேன். நெஞ்சடைக்கிறது.' நடுக்கட்டம் காலியாக இருந்தது.

"நடுவுல ஒண்ணும் இல்ல மேடம். அது நடந்துச்சு, இது வந்துச்சு."

"ஒண்ணும் சொல்லிக்கலயா? எப்பவுமே?"

அடுத்த வாரம் வரை கவனிக்கச் சொன்னார். கவனித்தேன். பள்ளிக்கூடத்தில் படித்த மலையாளத்தில் அழகாக எழுதிக்கொண்டு போனேன். மேடம் படித்துவிட்டு, "இது கட்டுரை. உள்ளே இந்த பாஷையிலயா பேசுற?" என்றார். இல்லை. உள்ளே பேச்சு தமிழில் இருந்தது. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை கற்ற தமிழ் எழுத்தில், அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்.

'எனக்குத் தப்பு வரவே கூடாது. வந்துச்சுன்னா நான் ஒண்ணுக்கும் ஆகாதவன். லயம் மொத்தமும் காறித் துப்பும். துப்புனா நான் தாங்க மாட்டேன்.'

நாலே வரி. மொழிபெயர்த்துச் சொன்னேன். மேடம் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு பெயர் எழுதினார். முதல் வரி கட்டளை (ஆசையைச் சட்டமாக்குவது). இரண்டாவது முத்திரை (ஒரு செயலை வைத்து முழு ஆளையும் தள்ளுபடி செய்வது). மூன்றாவது பேரழிவுக் கணிப்பு. நான்காவது 'தாங்க முடியாது' என்கிற தீர்ப்பு. இவற்றைப் பகுத்தறிவுக்கு ஒவ்வாத நம்பிக்கைகள் என்கிறார்கள். செய்தியைத் தவறவிட்டதால் வருத்தம் வரும், வர வேண்டும். ஆனால் கை மரத்துப்போய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவைப்பது இந்த நாலு வரிதான் என்றார்.

எனக்குக் கோபம் வந்தது.

"மேடம், உங்க வீட்ல பத்துப் பேரு படிச்சிருப்பாங்க. நீங்க ஒண்ணத் தவறவிட்டா பாக்க ஆள் இருக்கு. எங்க லயத்துல நான் ஒருத்தன்தான். எனக்குத் தப்பு வரக் கூடாதுங்கிறது நம்பிக்கை இல்ல. அதுதான் நிலைமை."

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ஒருத்தன்தான்ங்கிறது நிலைமை. சரி, ஒத்துக்கிறேன். முப்பது வீட்டு வேலைய ஒருத்தன் பாத்தா தப்பு கூடுமா, குறையுமா?"

பஸ்ஸில் திரும்பும்போது கேசவதாசபுரம் தாண்டித்தான் பதில் வந்தது. கூடும். கூடத்தான் செய்யும். தப்பு வர எல்லா வழியும் திறந்து கிடக்கிற இடத்தில் நின்றுகொண்டு, வரக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறேன். சட்டத்தை மீறினதற்கு உடம்பைத் தண்டிக்கிறேன்.

இதைப் புரிந்துகொண்டதும் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. புரிவது ஒரு சாயங்காலத்தில் நடந்துவிடுகிறது. உடம்பு நம்புவதற்கு மாதங்கள் ஆகின்றன. அதற்குத்தான் வீட்டுப்பாடம்.

ஒரு வீட்டுப்பாடம் மறக்க முடியாதது. தெரிந்தே ஒரு அபத்தம் செய்து, ஆட்கள் சிரிக்கும்போது ஓடாமல் நிற்க வேண்டும். தம்பானூரில் ஒரு செருப்புக்கடைக்குப் போனேன். "சேட்டா, மத்தி உண்டோ?" என்றேன். மத்தி மீன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல், "இன்னலெ தீர்ந்நு. அயலை மதியோ?" என்றார். நேற்றே தீர்ந்துபோச்சு, அயலை போதுமா என்று. உள்ளே சாக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். நெஞ்சு அடித்தது. நின்றேன். சிரிப்பு முடிந்தது. அவர்கள் அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார்கள். ஒரு கேவலத்துக்கு இவ்வளவுதான் ஆயுள் என்று உடம்பு அன்றைக்கு முதல் தடவையாகக் கண்டது.

ஆபீசில் ஒரு கோப்புக்குத் தெரிந்தே எண்ணை மாற்றிப் பெயரிட்டேன். மறுநாள் சூப்பர்வைசர் "செல்வின், இது நாப்பத்தாறு, அறுபத்துநாலு இல்ல" என்றார். திருத்தினேன். அவர் டீ குடிக்கப் போனார். எனக்குத்தான் ஒரு மணி நேரம் காது சுட்டது.

ஆறாவது வாரம் போன் சத்தம் கேட்டால் கை மட்டும் குளிரும் என்கிற அளவுக்கு வந்திருந்தேன். அங்கேயே நின்றுவிட்டது. எத்தனை தாள் எழுதினாலும் அதற்குக் கீழே இறங்கவில்லை. 'நானும் மனிதன், தப்பு வரும்' என்று எழுதி எழுதிப் பார்த்தேன்.

"எந்தத் தப்பு?" என்று மேடம் சாதாரணமாகத்தான் கேட்டார்.

அத்தனை வாரமும் பொய்யைப் பற்றி நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. செய்தியைத் தவறவிட்ட கதையை மட்டும் சொல்லி அதற்குச் சிகிச்சை வாங்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சொன்னேன். மரச்சீனி உட்பட.

அவர் திட்டவில்லை. தேற்றவும் இல்லை. "தப்பு வரும்னு இதுக்கு எழுதினா உடம்பு ஒத்துக்காது, கேட்டோ. இது வந்தது இல்ல, செஞ்சது. ஒவ்வொரு வாரமும் செஞ்சுட்டு இருக்கிறது" என்றார். என்ன செய் என்று அவர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன், போகிறேன் என்று. நான் எதிர்பார்ப்பதை எழுதிக்கொண்டு போகச் சொன்னார். எழுதினேன்: 'அக்கா துப்புவார்கள். லயம் என்னை ஒதுக்கும். நான் தாங்க மாட்டேன்.'

எட்டு வாரமாக நான் ஊருக்குப் போகாமல் வேலை வேலை என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இடையில் ஒரே ஒரு தடவை, அம்மா சிக்னல் கிடைக்கும் வளைவுக்கு வந்து போன் செய்தபோது, சொல்லி அனுப்பியிருந்தேன்: திறந்த பள்ளியில் (வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதும் வழி) பிளஸ் ஒன் பதிவு நடக்கிறது, அபிஷாவுக்குப் போடலாமா என்று. அவள் வேண்டாம் என்றுவிட்டாள். அவளே வேண்டாம் என்றாளே என்று அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் அதுவரை தூங்கினேன். பதிவு முடிய இன்னும் நாலு நாள் இருந்தது.

மலையடிவாரத்து வித்துராவில் போனக்காட்டு பஸ் ஏறினேன். மலை ஏறத் தொடங்கியதும் வந்துவிட்டது. மூச்சு, உதடு, கை, எல்லாம் பழைய வரிசையில். இறங்கிவிடலாம் என்று கம்பியைப் பிடித்து எழுந்தேன். பிறகு உட்கார்ந்தேன். 'வா. நீயும் வா. ரெண்டு பேரும் போவோம்' என்று சொல்லிக்கொண்டேன். அது என்னோடு நாலு வளைவு வந்தது. ஐந்தாவதில் குறைந்தது.

பஸ் நின்ற இடத்தில் நாலு பாலிதீன் கவர்கள் நின்றன. "தாசில்தார் எட்டு வாரம் லீவா? டவுன்ல பொண்ணு கிண்ணு பாத்துட்டியால?" என்றார் பெரியசாமி மாமா. வந்து பார்க்கிறேன் மாமா என்று சொல்லிவிட்டு நேராகத் தங்கம் அக்கா வீட்டுக்கு நடந்தேன்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். அபிஷா ஜன்னல் பக்கம் தரையில் இருந்தாள். உட்காரச் சொன்னார்கள். நின்றபடியே சொன்னேன்.

"அக்கா, அபிஷாக்கு சீட்டு கெடச்சிருந்துச்சு. மெசேஜ் என் போனுக்குத்தான் வந்துச்சு. நான் பாக்கல. சேர வேண்டிய நாளு போயிருச்சு. உங்ககிட்ட பேரு வரலன்னு பொய் சொன்னேன்."

அக்கா மடித்த துணியை மறுபடி பிரித்தார்கள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"நாளு போன மறுநாளே."

"மறுநாளே. தெரிஞ்சிக்கிட்டு வந்து எங்க வீட்ல மரச்சீனி தின்னுட்டுப் போயிருக்க."

"ஆமாக்கா."

"தப்பு யாருக்கும் வரும்ல. கொழுந்து கிள்ளுறப்ப முத்தின எலையும் கையோட வரத்தான் செய்யும். பொய்யி அப்படி வராது. அது நீயா எடுத்து வச்சது." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்போது அபிஷா எழுந்து வந்தாள்.

"அண்ணா, அப்ப எனக்கு மார்க் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எந்த ஸ்கூலு?"

"வித்துராவுல. சயன்ஸ்."

"சயன்ஸா?" என்று அம்மாவைப் பார்த்தாள். "நான் மண்டுன்னுல நெனச்சிட்டிருந்தேன். கூடப் படிச்ச எல்லாத்துக்கும் வந்துச்சு, எனக்கு மட்டும் வரல. அதான் அந்தத் திறந்த பள்ளி ஃபாரமும் வேண்டாம்னேன். அங்கயும் வரலன்னா?"

நான் எழுதி வைத்திருந்த எதிர்பார்ப்பில் இது இல்லவே இல்லை. துப்புவார்களா, நான் தாங்குவேனா என்று என்னைப் பற்றியே இத்தனை மாதம் கணக்குப் போட்டிருக்கிறேன். அத்தனை மாதமும் ஒரு பதினாறு வயதுப் பெண், நான் கொடுத்த ஒற்றை வரியை நடுக்கட்டத்தில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் வரிகளையாவது நானாக எழுதினேன். அவளுடையது என் கையெழுத்து.

"நாலு நாள் இருக்கு. போடலாம்" என்றேன்.

"நான் போடுறேன். நீங்க கூட நில்லுங்க, போதும்" என்றாள்.

மறுநாள் காலை, சிக்னல் கிடைக்கும் வளைவுக்கு மூன்று பேரும் நடந்தோம். அக்கா எங்களுக்குப் பத்தடி பின்னால் வந்தார்கள். அபிஷா அம்மாவின் போனில், அம்மாவின் நம்பரையே கொடுத்து நிரப்பினாள். மெதுவாக. ஒரு பக்கத்தைத் தப்பாக அழுத்தி எல்லாம் அழிந்தது, முதலிலிருந்து ஆரம்பித்தாள். பிடுங்கி ஒரு நிமிடத்தில் முடித்துக் கொடுக்க என் விரல்கள் துடித்தன. இரண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொண்டு நின்றேன். நெஞ்சு ஏறியது. இறங்கியது. அவள் முடிக்க முக்கால் மணி ஆனது. அவ்வளவு நேரம் எதையும் செய்யாமல், எதற்கும் ஓடாமல், ஒரே இடத்தில் நான் நின்றது அதுதான் முதல் தடவை.

அவள் இப்போது படிக்கிறாள். எனக்கு மாத்திரை குறைத்து நிறுத்தியாகிவிட்டது. லயத்தில் பாதி வீடுகள் நம்பரை மாற்றிக்கொண்டன. பெரியசாமி மாமா மாட்டேன் என்கிறார். "ஒனக்குத் தப்பு வரும்னு எனக்கும் தெரியும்ல, இருந்துட்டுப் போகுது" என்கிறார்.

இதே நோயில் இருப்பவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான். என் பயம் போகவில்லை. மாதத்துக்கு ஒரு முறையாவது வருகிறது. முன்பு அது வந்தால் நேரம் நின்றுவிடும். அந்த நிமிடத்துக்குப் பிறகு எதுவுமே கிடையாது என்று உடம்பு சாதிக்கும். இப்போது அதற்கும் ஒரு முன், ஒரு பின் இருக்கின்றன. பின் வரும்வரை நான் வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன்.

தங்கம் அக்கா என்னை ஒதுக்கவில்லை. முன்போலப் பேசுவதும் இல்லை. எதிர்பார்ப்பில் எழுதாத இன்னொன்று அது. போன சனிக்கிழமை கொழுந்துப் பையோடு பாதையில் எதிரே வந்தார்கள். நான் ஒதுங்கி நின்றேன். என்னைப் பார்த்தார்கள், தலையை லேசாக அசைத்தார்கள், கடந்துபோனார்கள். நெஞ்சு சட்டென்று ஏறியது. 'நீ ஒண்ணுக்கும் ஆகாதவன்' என்று வரி வந்தது. வந்து நின்றது. நானும் நின்றேன். பிறகு ஏற்றத்தில் மூச்சு வாங்க நடந்தேன், அது ஏற்றத்துக்கான மூச்சுதான்.

அக்கா பேசாமல் கடந்துபோனது வலித்தது. பசியும் எடுத்தது.